தீப்பெட்டி ஆலைக்கு மெஷின் எப்போது வரும்?

கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி மூன்று விதமாகத் தயாராகிறது: கையால், பாதி மெஷினில், முழு மெஷினில். மெஷின் இருந்தும் எல்லா ஆலைகளும் ஏன் அதற்கு மாறவில்லை?

வரி: 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5%, மற்றவற்றுக்கு 18%. 100 ரூபாய் சரக்கில் 13 ரூபாய் வித்தியாசம். மெஷின் அதைவிட அதிகமாகச் செலவை மிச்சப்படுத்தினால்தான் கட்டுப்படியாகும். 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் ஒரே வரி, 12% என்றானது. கைவேலைக்கு இருந்த சலுகை போனது.

விலை: 14 வருஷம் 1 ரூபாய்க்கு விற்ற பெட்டி, 2021 டிசம்பரில்தான் 2 ரூபாயானது. அதற்குள் மூலப்பொருள் விலை எகிறிவிட்டது. லாபம் இப்படி மெலிந்தால், சின்ன ஆலைக்காரர் மெஷினுக்குப் பணம் புரட்டுவது கஷ்டம்.

ஆள்: மானாவாரிக் கரிசல் காட்டில் மழை பொய்த்தால், பெண்களுக்குக் கை கொடுப்பது தீப்பெட்டி வேலைதான். கூலிக்கு ஆள் கிடைக்கும்வரை மெஷினுக்கு அவசரமில்லை.

ஆக, மெஷினின் வேகம் மட்டும் இதை முடிவு செய்வதில்லை. வரி விகிதம் மாறும்போது, குச்சி அடைக்கும் பெண்ணின் வேலையும் சேர்ந்தே மாறுகிறது. அந்தக் கணக்கையும் பார்த்துத்தான் வரி போட வேண்டும்.