மீன் குடலும் வீணில்லை... கிழிஞ்ச வலையும் வீணில்லை! தூத்துக்குடி வீடுகளில் குப்பையை குறைக்க சூப்பர் வழிகள்

தூத்துக்குடியில் மீன் இல்லாத வீட்டு சமையல் அபூர்வம். காலையில் சாளையோ, நகரையோ, பாறையோ வாங்கி ஆய்ந்து முடித்ததும் செதில், குடல், செவுள் என்று கால் பங்காவது கழிவாக மிஞ்சும். இறால் என்றால் கேட்கவே வேண்டாம். தலையும் தோடும் தனி குவியலாகி விடும்.

இதை ஒரு கேரி பேக்கில் முடிந்து தெருமுனையில் வைத்தால் 10 நிமிடத்தில் பூனை, நாய், காக்கா எல்லாம் கூடிவிடும். பை கிழிந்து வீதி முழுக்க நாறும். சிலர் அதுக்கு பயந்து கழிவுநீர் கால்வாயில் கொட்டி விடுகிறார்கள். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பம்.

தூத்துக்குடி நகரின் நடுவே ஓடும் பக்கிள் ஓடையில் விழும் பொருள் கடைசியில் போய்ச் சேரும் இடம் திரேஸ்புரம் கடற்கரை. அதாவது, நாம் காலையில் வீசும் சால்னா கவரும், ஷாம்பு பாக்கெட்டும் சில நாளில் மீனவர் வலையில் ஏறும். நடுக்கடலில் கப்பலில் இருந்து பிளாஸ்டிக்கை எறியக் கூடாது என்று உலக நாடுகள் போட்ட ஒப்பந்தம் 1988-ம் ஆண்டு கடைசியிலேயே நடைமுறைக்கு வந்து விட்டது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரனுக்கு சட்டம் இருக்கு. ஓடையோரம் நின்று வீசுகிறவரை யார் கேட்பது?

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய் மழையை மாவட்ட மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் கொட்டித் தீர்த்தது. அந்த அளவு மழைக்கு எந்த கால்வாயும் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் சாதாரண மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணி நிற்பதற்கு சாக்கடையை அடைக்கும் பாலித்தீன் பையும் ஒரு காரணம்.

மாநகராட்சி குப்பை வண்டி அள்ளிப் போவது தருவைகுளம் பகுதியில் உள்ள உரக்கிடங்குக்கு. ஈரமும் காய்ந்ததும் கலந்து போனால் அது உரமாகவும் ஆகாது, ஆக்கர் கடைக்கும் ஆகாது. வீட்டிலேயே பிரித்து, முடிந்ததை வீட்டிலேயே பயன்படுத்தினால் போகிற குப்பை பாதியாக குறையும்.

கடற்கரைக்கு புதுசு இல்லை

உண்மையில் இந்த விஷயத்தில் நம்ம ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். விசைப்படகுகளின் பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்களை பாருங்க. படகும் படகும் உரசி பலகை உடையாமல் இருக்க கட்டியவை அவை. தேய்ந்த ரப்பர் செருப்பை துண்டு போட்டு வலைக்கு மிதவையாக்கியது மீனவர்கள்தான். காலி கேன், தண்ணி பாட்டில் எல்லாம் கடலில் அடையாள மிதவையாக நிற்கும்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் இதே கதைதான். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ம் ஆண்டு. முத்து எடுத்தபிறகு மிஞ்சும் சிப்பி ஓட்டை சும்மா விடவில்லை. சூளையில் வைத்து சுட்டால் சுண்ணாம்பு. வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கவும், வெற்றிலைக்கு தடவவும் அதுதான். திரேஸ்புரம் ஆட்கள் மூழ்கி எடுக்கிற சங்கும் அப்படியே. சதை சாப்பாட்டுக்கு, ஓடு வளையலாகி வங்காளத்து பெண்கள் கைக்கு!

இப்போதும் வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் சிப்பி ஓடு, முட்டை ஓடு, கணவாய் ஓடு எதையும் வீசாதீங்க. நல்லா கழுவி, வெயிலில் காயவைத்து, இடித்து தீவனத்தில் கொஞ்சம் கலந்தால் சுண்ணாம்பு சத்து கிடைக்கும். தோல் முட்டை இடும் கோழிக்கு இது நல்ல மருந்து. லவ் பேர்ட்ஸ் கூண்டு இருந்தால் கணவாய் ஓட்டை அப்படியே கட்டித் தொங்க விடலாம். கொத்திக் கொத்தி தின்னும்.

மீன் குடலில் இருந்து செடிக்கு டானிக்

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். மீன் கழிவில் இருந்து 'மீன் அமிலம்' தயாரிக்கலாம். இயற்கை விவசாயிகள் பலரும் பயன்படுத்துவதுதான். மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கும் இல்லத்தரசிகளும் செய்யலாம்.

மீன் கழிவு ஒரு கிலோ, வெல்லம் ஒரு கிலோ. அளவு சமம் என்பதுதான் கணக்கு. 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடி கருப்பட்டியை இதில் போட்டு வீணாக்க வேண்டாம். கடையில் கிடைக்கும் மட்டமான வெல்லம், இளகிப்போன பழைய வெல்லம் போதும்.

கழிவை சின்னதாக நறுக்கி, வெல்லத்தை பொடித்து கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போடுங்க. வாளியை முழுசா நிரப்பக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கணும். நொதிக்கும்போது காற்று கிளம்பும். இறுக்கி மூடினால் மூடி தெறிக்கும். ஆகவே வாயை துணியால் கட்டி, மேலே மூடியை லேசாக வைத்தால் ஈயும் போகாது, காற்றும் அடைபடாது. நிழலில் வைத்து 21 நாள் விட்டுவிட வேண்டியது.

முதல் சில நாள் நாற்றம் இருக்கும். பொறுத்துத்தான் ஆகணும். பிறகு வாடை மாறி பழ வாசனை போல வரும், தேன் மாதிரி திரவம் மேலே நிற்கும். அதுதான் பதம். வடிகட்டி பாட்டிலில் வைத்துக்கொண்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி வரை கலந்து வேரில் ஊற்றலாம், சாயங்கால நேரம் இலையில் தெளிக்கலாம். 15 நாளைக்கு ஒரு தடவை போதும். 'நல்லதுதானே' என்று அப்படியே ஊற்றினால் செடி கருகிப் போகும், உஷார்!

இவ்வளவு பாடு பட முடியாதவர்களுக்கு சுலப வழியும் உண்டு. வீட்டில் முருங்கை, தென்னை, வாழை இருந்தால் ஒரு அடிக்கு குறையாமல் குழி தோண்டி கழிவை போட்டு மண்ணை மிதித்து மூடிவிடுங்க. மேலாக்கா புதைத்தால் ராத்திரியே நாய் தோண்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கருவாடு கழிவையும், கருவாடு ஊறவைத்த தண்ணியையும் செடிப்பக்கம் கொண்டு போகாதீங்க. தூத்துக்குடி மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ஏற்கனவே உப்பு ஜாஸ்தி. அதில் இன்னும் உப்பை சேர்த்தால் செடி எப்படி பிழைக்கும்? இதே காரணத்துக்காகத்தான், உப்பு மூட்டை வந்த சாக்கில் செடி வைக்க ஆசைப்படுபவர்கள் அதை ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில் அலசி காயவைத்த பிறகே மண் நிரப்ப வேண்டும். தென்னை நாரிலும் உப்பு இருக்கும். அதையும் ஊறவைத்து பிழிந்தபிறகு பயன்படுத்தலாம்.

பெயிண்ட் வாளியில் உரம்

காய்கறி தோல், டீத்தூள் சக்கை, வாழைப்பழத் தோல், பூஜைப் பூ, இதெல்லாம் 2 மாதத்தில் உரமாகும். காலியான பெயிண்ட் வாளியை சுத்தமாக கழுவி, அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, கீழே காய்ந்த இலையோ தேங்காய் நாரோ பரப்புங்க. தினசரி கழிவை போடும்போதெல்லாம் மேலே ஒரு கை காய்ந்த சருகு. இந்த சருகில்தான் சூட்சுமம் இருக்கு. அதை விட்டவர்கள்தான் 'புழு வருது, நாறுது' என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வாரம் ஒரு தடவை கிளறணும். பிழிந்தால் சொட்டாத ஈரம் இருந்தால் சரி.

மீன், கறி, எண்ணெய் பலகாரம் இந்த வாளிக்கு ஆகாது. அதுக்கு மேலே சொன்ன குழிதான்.

அரிசி களைந்த தண்ணி, மீன் கழுவிய தண்ணி ரெண்டையும் செடிக்கு ஊற்றலாம். உப்பு போட்டு மீன் கழுவியிருந்தால் மட்டும் வேண்டாம். வல்லநாட்டில் இருந்து குழாய் வழியே வருகிற தாமிரபரணி தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருதுன்னு காத்துக் கிடக்கும் ஊரில், ஒரு குடம் மிச்சம் என்றாலும் லாபம்தானே.

எலுமிச்சை, ஆரஞ்சு தோல் சேர்ந்தால் தரை துடைக்கும் திரவம் ரெடி. தோல் 3 பங்கு, வெல்லம் 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு. பிளாஸ்டிக் பாட்டிலில் 3 மாதம் வைக்கணும். முதல் மாதம் தினமும் மூடியை லேசாக திறந்து காற்றை விடணும். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது, வெடித்துவிடும்.

கிழிஞ்ச வலை, பழைய சாரம்

படகுக்கு ஆகாத நைலான் வலையை கடலில் விட்டால் அது மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக்கொண்டே கிடக்கும். 21 தீவுகள் அடங்கிய மன்னார் வளைகுடா தேசிய பூங்கா நமக்கு பக்கத்திலேயே இருப்பதை மறக்க வேண்டாம். அதே வலையை வீட்டுக்கு கொண்டு வந்தால் பீர்க்கு, பாகல், புடலை கொடி ஏற பந்தல். கோழி, ஆடு நுழையாமல் வேலி. கிணற்றுக்கு மூடி. வெயிலில் இத்துப்போய் பொடிய ஆரம்பித்தால் மட்டும் கழற்றி குப்பை வண்டியில் கொடுத்துவிடணும்.

மீன் பெட்டியாக வரும் தெர்மாகோலில் கீரை வளர்ப்பதை சில மாடிகளில் பார்க்கலாம். செலவில்லாத தொட்டிதான். ஆனால் நேர் வெயிலில் வைத்தால் உதிர்ந்து காற்றில் பறக்கும். சுற்றி பழைய சாக்கை கட்டிவிட்டால் கொஞ்ச காலம் தாங்கும்.

பழைய சாரம், வேட்டி கரித்துணிக்கு ஆகும். நைந்த சேலைகளை நாலைந்தாக அடுக்கி ஓட்டுத் தையல் போட்டால் கால்மிதி, இன்னும் அடுக்கினால் குழந்தைக்கு மெத்தை. தையல் கடை வெட்டுத்துணி தலையணைக்குள் போகும். தடிமனான பேண்ட்டின் கால் பகுதியை வெட்டி அடியை தைத்தால் காய்கறி பை. 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு தமிழக அரசு தடை போட்டது 2019 ஜனவரி 1 முதல். 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் தொடங்கியது 2021 டிசம்பரில். ஆனாலும் மார்க்கெட்டில் கேரி பேக் ஒழிந்தபாடில்லை. ஓலைப்பெட்டியில் மீன் வாங்கிய ஊர் இது என்பதை சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா தெரியவில்லை.

ராத்திரி புரோட்டா வாங்கப் போகும்போது சால்னாவுக்கு ஒரு தூக்குவாளி கொண்டு போனால் தினம் ரெண்டு கவர் மிச்சம். கொதிக்கிற சால்னா பாலித்தீனில் இறங்குவதும் நிற்கும்.

ஆக்கர் கடைக்கு எது போகும்?

பேரீச்சம்பழத்துக்கு பழைய இரும்பு போட்ட காலம் போய், இப்போ காசுதான். நியூஸ் பேப்பர், அட்டைப்பெட்டி, இரும்பு, அலுமினியம், செம்பு எல்லாவற்றுக்கும் விலை உண்டு. பிளாஸ்டிக்கில்தான் குழப்பம். அடியில் முக்கோணத்துக்குள் நம்பர் இருக்கும், பாருங்க. 1 என்றால் தண்ணி, கூல்டிரிங்க்ஸ் பாட்டில். 2 என்றால் கெட்டியான கேன் வகை. 5 என்றால் ஓட்டல் பார்சல் டப்பா மாதிரி. இவை மறுபடி உருக்கப்படும். சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட் மாதிரி பளபள உறைகள் பல அடுக்கு கொண்டவை என்பதால் கடைக்காரர் வாங்க யோசிப்பார்.

பால் கவரை கழுவி காயவைத்து சேர்த்தால் அதுவும் போகும். ஆனால் முனையை முழுசா வெட்டி எறிந்துவிடாதீங்க. அந்த துணுக்கு யார் கையிலும் சிக்காது, நேரே சாக்கடைக்குத்தான். பாதி வெட்டி கவரோடவே ஒட்டி விடணும்.

பால் கவர், கேரி பேக்கை தூளாக்கி சூடான ஜல்லியில் கலந்து தார் ரோடு போடும் முறையை கண்டுபிடித்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி பேராசிரியர் ஆர்.வாசுதேவன். 2018-ம் ஆண்டு அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. சுத்தமாக பிரித்துக் கொடுத்தால்தான் அதுக்கும் உதவும்.

பிளாஸ்டிக்கை வீட்டுப் பின்னாடி கொளுத்துவதும், அதை வைத்து வெந்நீர் அடுப்பு பற்றவைப்பதும் ரொம்ப ஆபத்து. அந்த புகையில் வருவது விஷம். முதலில் பாதிக்கப்படுவது அடுப்பு பக்கம் நிற்கும் பெண்களும், சுற்றி விளையாடும் குழந்தைகளும்தான்.

பாட்டில் தொட்டி, டயர் தொட்டி, சிரட்டைத் தொட்டி எது செய்தாலும் அடியில் ஓட்டை கட்டாயம். தண்ணி ஒரு வாரம் தேங்கினாலே டெங்கு கொசு முட்டையிட்டு குஞ்சு பொரித்து பறந்துவிடும். கார்த்திகை மழைக்கு முன்னாடி மாடியில் கவிழ்க்காமல் கிடக்கும் சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்க.

டயப்பர், நாப்கினை பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு குறி போட்டு தனியாக கொடுக்கணும். உடைந்த பல்பு, டியூப் லைட், செத்த பேட்டரி, காலாவதி மாத்திரை இவற்றையும் தனி பையில் போடுங்க. குப்பையை கையால் பிரிக்கிற தூய்மை பணியாளர்கள் கையில்தான் அந்த கண்ணாடி குத்தும்.