செல்லுக்குள் ஒரு மடை

நுழையும்முன்

கண்மாய் நீரை மடைவழியே அளந்துவிடும் வழக்கம் வைகைச் சமவெளிக்குப் புதிதன்று. மனித உடலின் ஒவ்வொரு செல்லும் கால்சியத்தை அவ்வாறே அளந்து பயன்படுத்துகிறது. அந்த அளவை மனச்சோர்வு நீக்கும் மருந்து மாற்றினால் புற்றுச்செல்லுக்கு என்ன நேரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செல்லின் பாசனம்

மதுரையின் மாடக்குளம் கண்மாயில் மழைநீர் தேங்குகிறது. மடை திறந்தால் வயலுக்கு நீர் பாய்கிறது. நீர் குறைந்தால் பயிர் வாடும்; நெடுநாள் தேங்கினால் அழுகும்.

எலும்புக்கு உறுதி தரும் கால்சியம், செல்லுக்குள் செய்தி கொண்டுசெல்லும் தூதாகவும் விளங்குகிறது. தவளையின் இதயம் தொடர்ந்து துடிக்கக் கால்சியம் இன்றியமையாதது என்பதை 1883இல் ஆங்கிலேய மருத்துவர் சிட்னி ரிங்கர் கண்டறிந்தார். ஓய்வுநிலையில், செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம் அயனிச் செறிவு சைட்டோபிளாசத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்காகும். செல்லுக்குள் எண்டோபிளாச வலை கண்மாயைப்போல் கால்சியத்தைத் தேக்கிவைக்கிறது. அதன் சவ்விலுள்ள புரத வழிகளே மடைகள். அவை சிறிது நேரம் திறக்கும்போது தசை சுருங்குகிறது, சுரப்பி சுரக்கிறது. திறந்தபடியே இருந்தால் மைட்டோகாண்ட்ரியாவில் கால்சியம் மிகுந்து, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தொடங்கும்.

மருந்தும் மடையும்

தைவான் நாட்டின் காவோசியுங் நகர ஆய்வாளர்கள், டெசிப்ரமின் முதலிய மனச்சோர்வு நீக்கி மருந்துகளை ஆய்வகத்தில் வளர்த்த புற்றுச்செல்கள்மீது செலுத்திப் பார்த்தனர். கால்சியத்துடன் இணையும்போது ஒளிர்வில் மாறுபடும் ஃபியூரா-2 என்னும் சாயம் அவர்களுக்குத் துணைநின்றது. மருந்து பட்டதும் செல்லுக்குள் கால்சியம் உயர்ந்தது. செறிவு கூடியபோது செல்கள் மடிந்தன.

எது காரணம்?

அவ்வாறாயின், கால்சியமே செல்லைக் கொன்றது எனக் கூறிவிடலாமா? எலும்புப் புற்றுச்செல்களில் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருளை முன்னதாகவே இட்டு, பின்னர் டெசிப்ரமினைச் செலுத்தினர். கால்சிய உயர்வு தடுக்கப்பட்டது. செல்களோ அப்போதும் மடிந்தன. எனவே, அங்கே இறப்புக்கு வேறு வழி இருந்தது. மடை உடைந்த இரவிலேயே பயிர் சாய்ந்தாலும், அதனைச் சாய்த்தது காற்றாகவும் இருக்கலாம். உடன்நிகழ்வது வேறு, காரணம் வேறு. இதனைப் பிரித்தறிவதே அறிவியல் நோக்கு.

ஆய்வகமும் நோயாளியும்

ஆய்வகத் தட்டில் செல்லைக் கொல்லும் மருந்துச் செறிவு, நோயாளியின் குருதியில் காணப்படும் அளவைவிடப் பெரும்பாலும் பன்மடங்கு மிகுதியாகும். ஆதலால் இவ்வாய்வுகளைக்கொண்டு, மனச்சோர்வு மருந்து புற்றுநோயைத் தீர்க்கும் என முடிவுசெய்தல் பிழையாகும்.

மேலும், மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாமாக்சிஃபென் என்னும் மருந்தைக் கல்லீரல் நொதி ஒன்று வீரியமுள்ள வடிவமாக மாற்றுகிறது. மனச்சோர்வுக்கான ஃபுளுவோக்செட்டின், பராக்செட்டின் ஆகியன அந்நொதியின் செயலை வலுவாகத் தடுக்கின்றன. ஆகவே, உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்; தாமாக நிறுத்துதலும் கூடாது.

புற்றுநோயாளிக்கு வரும் மனச்சோர்வும் ஒரு நோயே. அதற்கு மருந்து உண்பது நாணத்தக்கதன்று. உள்ளத்துக்குரிய மருந்து உள்ளத்தின் துயரைத் தணிக்கட்டும்; புற்றுச்செல்லை வெல்லும் வழியை ஆய்வுகள் தொடர்ந்து தேடட்டும்.