காஞ்சிக்கு ஒரு நண்பன் வந்தால்...



"உங்க ஊர்ல என்னடா இருக்கு? ஒரு நாள் சுத்திக் காட்டேன்" என்று வெளியூர் நண்பன் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு கோயில், ஒரு ஹோட்டல், ஒரு பட்டுக்கடை. சாயங்காலம் பஸ் ஏற்றி டாட்டா!

போன வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். பத்தரை மணிக்கு வந்தான். இரண்டாவது கோயிலுக்குப் போவதற்குள் நடை சாத்தியாச்சு. ஆட்டோக்காரர் "வாங்க தம்பி" என்று ஒரு கடை வாசலில் இறக்கிவிட்டார். திரும்பும்போது நண்பன் சொன்னான்: "உங்க ஊர் ஒரு பெரிய ஜவுளிக்கடைடா!" எனக்குச் சுருக்கென்றது. தப்பு அவனுடையதா? திட்டம் போடாத என்னுடையதுதான். இதோ, நான் பிறகு போட்ட திட்டம். உங்களுக்கும் உதவும்.

முதல் விதி: பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் கோயில்கள் மூடினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். ஆகவே காலையிலேயே கிளம்ப வேண்டும். ஊர் பெரிதல்ல, சைக்கிளே போதும்.

காலை 7.30 – வைகுண்டப் பெருமாள் கோயில்

ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான். கூட்டம் இருக்காது. இரண்டாம் நந்திவர்ம பல்லவன் கட்டியது. பிராகாரச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு சிற்பமாக இருக்கிறது. கி.பி. 731 வாக்கில் அரசன் வாரிசின்றி இறந்தபோது, புது அரசனைத் தேடிப் போனவர்களில் 'கடிகையார்' என்பவர்களும் உண்டு என்று இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கடிகை என்றால் அந்தக் காலத்து உயர்கல்விச் சாலை. யோசித்துப் பாருங்கள், ராஜாவைத் தேர்ந்தெடுக்கப் போன குழுவில் கல்லூரிக்காரர்கள்! அப்படி அழைத்து வரப்பட்ட பையன்தான் இந்த நந்திவர்மன்.

இதே கடிகைக்கு 4-ஆம் நூற்றாண்டில் படிக்க வந்த மயூரசர்மன், பல்லவக் குதிரைவீரனோடு தகராறாகிக் கோபித்துக்கொண்டு போய், கதம்ப அரசையே உண்டாக்கினான். கர்நாடகத்தின் தாளகுந்தா கல்வெட்டில் இந்தக் கதை இருக்கிறது. நாலந்தாவில் யுவான் சுவாங்குக்குப் பாடம் சொன்னவர் சீலபத்திரர். அவருடைய குரு தர்மபாலர் நம்ம காஞ்சிக்காரர். இதையெல்லாம் சொன்னால் ஜவுளிக்கடை என்று எவனாவது சொல்வானா?

காலை 9.00 – ஏகாம்பரநாதர் கோயில்

டிபன் முடித்துவிட்டுப் போகலாம். கிருஷ்ணதேவராயர் 1509-இல் கட்டிய ராஜகோபுரம் சுமார் 59 மீட்டர் உயரம். சிவில் மாணவர்கள் கீழே நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

காலை 10.30 – கைலாசநாதர் கோயில்

ஊரின் மேற்குக் கோடி. கி.பி. 700-ஐ ஒட்டி ராஜசிம்ம பல்லவன் கட்டியது. மணற்கல் வேலை. சுற்றிலும் வரிசையாகச் சின்னச் சின்ன சந்நிதிகள், சிலவற்றில் பழைய ஓவியத்தின் மிச்சம். அவசரப்படாமல் சுற்றுங்கள்.

பகல் 12.00 – தறி

கோயில் மூடும் இந்த நேரத்தில்தான் பலர் கடைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் பக்கத்திலேயே பிள்ளையார்பாளையம் போங்கள். தெரிந்த நெசவாளர் வீடாகப் பார்த்து முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும் ஓட்டை போட்ட அட்டைகளும் இருக்கும். ஓட்டை உள்ள இடத்தில் பாவு இழை மேலே ஏறும், இல்லாத இடத்தில் ஏறாது. ஆம், இல்லை, அவ்வளவுதான்! 1804 வாக்கில் பிரான்சில் ஜக்கார்டு முழுமையாக்கிய இந்த முறையிலிருந்துதான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு அட்டை யோசனையை எடுத்தார். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களே, உங்கள் பாட்டன் இங்கே உட்கார்ந்திருக்கிறார்!

அடுத்து கோர்வை. சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஊடையை மாற்றி மாற்றிக் கோர்த்து நெய்ய வேண்டும். நாடா மூன்று. ஒரு ஆளால் ஆகாது, கரைப் பக்கத்துக்கு இன்னொருவர் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் தறி இருக்கிறது. போன வருடம் நண்பனை அங்கே கூட்டிப் போகவில்லை. குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவைக் காட்டக் கூச்சமாக இருந்தது. இந்த வருடம் கூட்டிப் போனேன். ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்தான். "கோர்வை நெய்ய மாட்டீங்களா அப்பா?" என்று கேட்டான். "இவன் படிக்கப் போயிட்டான் தம்பி. கூட ஆள் வைச்சா கூலி கட்டாது" என்றார் அப்பா. கரை நாடா வீசிய அந்த இன்னொரு ஆள் நான்தான்.

பகல் 2.30 – அண்ணா நினைவு இல்லம்

சாப்பாட்டுக்குப் பின் போகலாம். 1909 செப்டம்பர் 15-இல் இந்த ஊரில் பிறந்த அண்ணாவும் ஒரு நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைதான்.

மாலை 4.30 – வரதராஜப் பெருமாள் கோயில்

சின்ன காஞ்சிபுரம். நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியைக் காட்டுங்கள். குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் 2019-இல் 48 நாள் வெளியே வந்தார். இனி 2059-இல்தான்! மிளகு, சீரகம், சுக்கு போட்டு மூங்கில் குடலையில் வேகவைத்த கோயில் இட்லியை ருசிக்காமல் போகக்கூடாது.

மாலை 6.30 – காமாட்சி அம்மன் கோயில்

விளக்கு வெளிச்சத்தில் தரிசனம். அதோடு பஸ்.

பட்டு வாங்கவே கூடாதா? தாராளமாக வாங்கலாம், ஆனால் தறியைப் பார்த்த பிறகு. கூட்டுறவு சங்கத்தில் வாங்குவது நல்லது. சேலையைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தில் கோர்வை இருக்கிறதா பாருங்கள். காஞ்சிப் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு தறியில் உட்கார்ந்து நெய்யாது. ஆள்தான் நெய்ய வேண்டும்.

நண்பர்களே, நம்மில் எத்தனையோ பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். டிப்ளமோ வாங்கி வேலைக்குப் போவோம், தப்பில்லை. ஆனால் அடுத்த முறை ஊரைச் சுற்றிக் காட்டும்போது, நம் வீட்டு வாசலையும் திட்டத்தில் எழுதிக்கொள்வோம். கோர்வைக்கு இரண்டாவது ஆள் இல்லாமலே நெய்ய என்ன வழி என்று படிக்கிற காலத்திலேயே கொஞ்சம் யோசிப்போம். மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இப்போது அந்த யோசனைதான்!