மாண்டலினின் விலாப் பலகை

தஞ்சை வீணையின் குடம் பலாமரத்தைக் குடைந்து அமைக்கப்படுவது. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அவ்வீணையில் தண்டும் குடமும் ஒரே மரத்தில் அமையுமாயின், அதனை ஏகாண்ட வீணை என்பர். அதற்கு விலா என்று ஒட்டவேண்டிய தனியுறுப்பு இல்லை. மாண்டலினோ அத்தகையதன்று. அதன் முன்பலகையையும் பின்பலகையையும் இணைத்து நிற்கும் மெல்லிய சுவரே விலாப் பலகையாகும்.

அமெரிக்கக் கைவினைஞரான ஓர்வில் கிப்சன் 1898இல் பெற்ற காப்புரிமையில், விலாவை வளைக்காது திண்மரத்திலிருந்தே அறுத்தெடுத்தார். வளைத்த மரம் நாதத்தைக் குறைக்கும் என்பது அவர் கருத்து. எனினும், பிற்காலத்தார் வளைத்த விலாவையே மேற்கொண்டனர். கருநாடக இசையில் புகழ்பெற்ற யூ. சிறீநிவாஸ் (1969-2014) வாசித்த மின் மாண்டலினுக்கு விலாவே வேண்டியிருக்கவில்லை. அதன் உடல் திண்மரம்.

பாகங்களாக விற்கப்படும் மாண்டலினில் விலாப் பலகைகள் முன்னரே வளைக்கப்பட்டு வருவதுண்டு. அவற்றின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். ஈரக்காற்றுப் பட்டால் அவ்வளைவு நெகிழ்ந்து விரியும். விரிந்த பலகையைக் கவ்வியால் நெருக்கி ஒட்டுவது பெருந்தவறு. மரத்துள் அடங்கிய விறைப்பு, என்றேனும் ஒட்டினைப் பிளந்துகொண்டு வெளிப்படும். நீர் மட்டும் மரத்தை வளைக்காது, வெப்பமே வளைக்கும். ஆதலின், பலகையைச் சிறிது நனைத்து, சூடேறிய இரும்புக் குழாயின்மேல் மெல்ல அழுத்தி வளைத்து, அச்சினுள் வைத்து ஆறவிடல் வேண்டும். கையால் நெருக்காமலே அச்சில் படிந்து நிற்பதே சரியான வளைவு.

அடுத்து, பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்த்தல் இன்றியமையாதது. இரு விலாக்களும் அடிக்கட்டையின் நடுக்கோட்டில் இடைவெளியின்றிச் சந்திக்குமாறு நுனிகளை அளந்து அறுத்தபின், அவற்றைக் கழுத்துக் கட்டையிலும் அடிக்கட்டையிலும் வச்சிரத்தால் ஒட்டுக. விலாவின் மெல்லிய விளிம்பு மட்டும் பசைக்குப் போதாது. ஆகவே, வெட்டுகள் இடப்பட்ட உட்பட்டியை விளிம்போரம் வளைத்து ஒட்டி, உடுப்புக் காயவிடும் கிளிப்புகளை நெருக்கமாக மாட்டிவிடலாம். எட்டுத் தந்திகளின் இழுவிசை ஏறக்குறைய 80 கிலோகிராம் என்பதை நினைவிற் கொண்டால், இவ்வொட்டுகளின் பொறுப்பு விளங்கும்.

ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று முதலிய கிழக்குக் கரையூர்களில் காலமறிந்து ஒட்டுதல் அவசியம். மரம் ஈரத்தால் அகலத்தில் விரியும். நீளத்திலோ மாற்றம் மிகச் சிறிது. மாரிமழையில் ஈரமுண்ட முன்பலகையை விலாவோடு ஒட்டினால், ஆண்டின் நடுவிற் கச்சான் காற்று வீசும்போது பலகை அகலத்திற் சுருங்கும். விலாவின் நீளமோ சுருங்காது. இவ்விழுபறியில் ஒட்டு விடும், அன்றேல் பலகை வெடிக்கும். உலர்ந்த மரத்தில் ஒட்டிய கருவி பின்னர் ஈரமுண்டால், பலகை சற்றே மேலெழுமேயன்றிப் பெரும்பாலும் பிளவுறாது. எனவே ஈரப்பதன் 45 முதல் 50 வீதம் வரையுள்ள உலர்ந்த அறையில் மரத்தைச் சில நாள் வைத்திருந்து ஒட்டுதல் நன்று.

முன்பலகை மூடப்பட்டபின் உள்ளிருக்கும் குறையைத் திருத்த வேண்டின், பலகையைப் பெயர்த்தே ஆகவேண்டும். உடல் திறந்திருக்கும்போதே விலாவை நுணுகி ஆராய்தல் அதனினும் எளிது.