எண்ணிட்ட விதியும் எழுதாத விதியும்

எங்கள் பெருநகருக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரை நீங்கள் பார்த்திருக்கலாம். குடவோலைத் தேர்தல் விதிகள் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பலர் கவனிப்பதில்லை, அங்கே இரண்டு விதித்தொகுப்புகள் இருக்கின்றன. முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 919) வேட்பாளரின் வயது 30க்கு மேல், 60க்குள் என வகுத்தனர். 14ஆம் ஆட்சியாண்டில் (921) அதனை 35க்கு மேல், 70க்குள் எனத் திருத்தினர். கணக்குக் காட்டாதவரின் உறவினருக்கும் தடை விதித்து, எந்தெந்த உறவினர் என்று வரிசையாக எழுதினர். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டுமாம்! ஒவ்வொன்றும் ஆட்சியாண்டைத் தாங்கி நிற்பதால், எது பழையது, எது திருத்தம் என்ற ஐயமே எழுவதில்லை.

இனி, இதே சிக்கலைச் சந்திக்கும் பிட்காயினுக்கு வருவோம். (அதில் பணம் போடலாமா என்று என்னைக் கேட்காதீர்கள், அது என் பாடமன்று.) பிட்காயின் என்பது ஒரு பொதுப் பேரேடு. அதன் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் உள்ளன. 'பிளாக்' எனப்படும் புதிய பக்கம் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கணிப்பொறியும் தானே சோதித்து, விதிப்படி இருந்தால் மட்டுமே ஏற்கும். தீர்ப்புச் சொல்லத் தலைமை அலுவலகம் கிடையாது. ஆகவே எல்லாவற்றிலும் விதி ஒன்றாக இருந்தாக வேண்டும். இல்லையேல் பேரேடு இரண்டாகப் பிளக்கும்.

பிளந்தும் இருக்கிறது. 2013 மார்ச் மாதம், 0.8ஆம் பதிப்பு நிரல் ஓடிய கணிப்பொறி ஒன்று பெரிய பக்கம் ஒன்றை உருவாக்கியது. புதிய பதிப்புக் கணிப்பொறிகள் அதை ஏற்றன. பழைய பதிப்புகளுள் பல மறுத்தன. ஏன்? பழைய நிரலின் தகவல் சேமிப்பு முறையில், ஒரே சமயத்தில் இத்தனை பூட்டுகள்தாம் போடலாம் என்றோர் உச்சவரம்பு ஒளிந்திருந்தது. யாரும் அதை விதியாக எழுதவில்லை. ஆயினும் அது விதியாகவே வேலை செய்தது! சில மணி நேரம் இரு பேரேடுகள் ஓடின. ஒரே பணத்தை இருமுறை செலவிட வழி பிறந்தது. ஒருவர் செய்தும் காட்டினார். பக்கங்களை உருவாக்குவோர் பழைய பதிப்புக்குத் திரும்பிய பிறகே பேரேடு ஒன்றாயிற்று.

இந்நிகழ்ச்சியை விளக்கும் ஆவணத்தின் பெயர் பி.ஐ.பி. 50. பி.ஐ.பி. என்றால் பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு; 2011இல் தொடங்கிய முறை. முன்மொழிபவர் தாமே எண் சூட்டிக்கொள்ளக் கூடாது, பதிப்பாசிரியர் தருவார். எந்த விதி எவ்வாறு மாறுகிறது, பழைய நிரல் என்னவாகும் என்றெல்லாம் எழுத வேண்டும். பி.ஐ.பி. 141இன் விதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று, 481,824ஆம் பிளாக்கில் நடைமுறைக்கு வந்தன. இதில் குழம்ப இடமேது?

பெயர் தெளிவாக இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை ஈதரியம் காட்டியது. தன் பெரும் மாற்றத்தை அது 'ஈத் 2' என்று அழைத்துவந்தது. புதிய நாணயம் வருகிறதென்று மக்கள் எண்ணினர்; "பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குங்கள்" என்று ஏமாற்றுக்காரர்கள் புறப்பட்டனர். 2022 ஜனவரியில் அப்பெயரையே கைவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று மாற்றம் நிகழ்ந்தபோது, யாரும் எந்த நாணயத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.