"எனது குடும்பம்": வன்னி வகுப்பறையில் இந்தப் பாடத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

முன்பள்ளியிலும் ஆரம்ப வகுப்புகளிலும் "எனது குடும்பம்" எல்லோருக்கும் பழகிய பாடம். படத்தில் அப்பா, அம்மா, அக்கா, தம்பி என்று நான்கு பேர் நிற்பார்கள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் தங்கள் குடும்பத்தை வரைய வேண்டும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு வகுப்பில் இந்தப் பாடம் நடக்கும்போது, படத்துக்குப் பொருந்தாத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் அங்கே இருப்பார்கள்.

அம்மா வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போயிருக்க, அம்மம்மாவுடன் வளரும் பிள்ளை. அப்பாவைத் தொலைபேசித் திரையில் மட்டும் பார்த்துப் பழகிய பிள்ளை. ஷெல்லில் கால் இழந்த அப்பா வீட்டில் சமைக்க, அம்மா ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் வீடு. சித்தியை "அம்மா" என்று கூப்பிடும் பிள்ளை. மறுமணம் செய்த அம்மாவும், இரு திருமணங்களின் பிள்ளைகளும் ஒன்றாக வாழும் வீடு. சிறுவர் இல்லத்திலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளை.

இன்று முன்பள்ளியில் இருக்கும் எந்தப் பிள்ளையும் 2009 மே மாதத்தில் பிறந்திருக்கவில்லை. ஆனால் அவர்களது பெற்றோர் பலர் அப்போது சிறுவர்களாகவோ பதின்ம வயதினராகவோ இருந்தவர்கள். பாடம் சொல்லிக்கொடுக்கும் இளம் ஆசிரியைகளிலும் அப்படியானவர்கள் உண்டு. தாங்களே கேட்டு விடை கிடைக்காத கேள்வியைத்தான் அவர்கள் இப்போது பிள்ளைகளின் வாயிலிருந்து கேட்கிறார்கள். "எங்கட தாத்தா எங்கை?"

யார் இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டாம்

"அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பது வழக்கம். அப்பா இல்லாத பிள்ளை அந்த இடத்தில் பொய் சொல்லும், அல்லது தலை குனியும். அதே தகவலை வேறு விதமாகவும் கேட்கலாம். "உங்கட வீட்டில் யார் யார் இருக்கினம்? காலையில் தலை இழுத்து விடுறது யார்? காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருக்கிறது யார்?" இந்தக் கேள்விகளுக்கு எல்லாப் பிள்ளைகளிடமும் விடை உண்டு. குடும்பம் என்பது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் மனிதர்கள் என்று சிறுபிள்ளைக்குப் புரியவைக்க இது போதும்.

படம் வரையும்போது எத்தனை பேரை வரைய வேண்டும் என்று ஆசிரியர் சொல்லக்கூடாது. இறந்தவரை வரைய விரும்பும் பிள்ளை வரையட்டும், வெளிநாட்டில் இருப்பவரையும் வரையட்டும். "இவர் இப்ப உங்களோட இல்லைத்தானே" என்று திருத்த வேண்டியதில்லை. மாணவர் விபரப் படிவங்களை வகுப்பின் முன் உரத்து வாசிப்பதையும் தவிர்க்கலாம்.

காணாமல் ஆக்கப்பட்டவரைப் பற்றி

எங்கள் வீடுகளில் இருவகைப் படங்கள் தொங்குகின்றன. ஒன்று மாலை போட்ட படம். மற்றது மாலை போடாத படம். மாலை போட்டால் அவர் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் எத்தனையோ தாய்மார் அதைப் போட மறுக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை ஐந்து வயதுப் பிள்ளை கவனிக்கும், காரணத்தையும் கேட்கும்.

இவ்வாறான நிலையை அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் "தெளிவற்ற இழப்பு" என்று பெயரிட்டார். வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது அவர் கண்டது இது. இறந்தாரா, உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாதபோது துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. இலங்கையின் சட்டமும் இந்த நிலையை ஓரளவு ஏற்றுள்ளது. இறந்தவர் என்று சொல்லாமல், ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016 இல் வழி செய்யப்பட்டது.

ஆனால் வீட்டில் பிள்ளைக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் "அவர் வெளிநாட்டில்" என்பதுதான். அன்பினால் சொல்லப்படும் பொய் அது. வெளிநாட்டிலிருக்கும் மற்றவர்கள் அழைப்பு எடுக்கிறார்கள், பொதி அனுப்புகிறார்கள். இவர் மட்டும் ஏன் எடுப்பதில்லை என்று பிள்ளை யோசிக்கும். "நான் குழப்படி செய்ததாலா?" என்று தன்னையே குற்றம் சொல்லவும் கூடும். சிறுபிள்ளைகள் நடந்தவற்றுக்குத் தாங்களே காரணம் என்று எண்ணுவது இயல்பு.

உண்மையைச் சிறு வாக்கியங்களில் சொல்லலாம். "தாத்தாவைச் சண்டை முடிஞ்ச நேரம் கொண்டு போனவை. எங்கை எண்டு எங்களுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. அம்மம்மா தேடிக்கொண்டிருக்கிறா. இது உன்னால நடந்ததில்லை." இதற்கு மேல் பிள்ளை கேட்டால் மட்டும் சொன்னால் போதும். அதே கேள்வி பத்துத் தடவை வரும். பத்துத் தடவையும் அதே விடையைச் சொல்வது பிள்ளைக்குப் பாதுகாப்பைத் தரும். இறந்தவர் என்று தெரிந்தவரைப் பற்றி "நித்திரை கொள்கிறார்" என்பதைவிட "செத்துப்போனார், திரும்பி வரமாட்டார்" என்பதே நல்லது. இல்லாவிட்டால் சில பிள்ளைகள் நித்திரைக்கே பயப்படும்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய உறவினர்களின் தொடர் போராட்டத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மம்மா ஏன் படத்தைக் கையில் ஏந்தியிருக்கிறா என்பதற்கும் அவர்களுக்கு விளக்கம் தேவை.

ஊர் கற்பிக்கும் பாடம்

வகுப்பறையில் எவ்வளவு கவனமாகச் சொல்லிக்கொடுத்தாலும் ஊர் அதை அழித்துவிடலாம். சாமத்திய வீட்டில் சொந்த மகளுக்கு ஆரத்தி எடுக்காமல் பின்னால் ஒதுங்கி நிற்கும் விதவைத் தாயை அவளது பிள்ளைகளும் அயல் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். "தகப்பன் இல்லாத பிள்ளை, அதுதான் இப்படி" என்ற பேச்சு அவர்கள் காதிலும் விழுகிறது. சில குடும்பங்கள் குறைந்தவை என்று பிள்ளை பழகும் இடம் இதுதான். அந்தத் தாயை முன்னால் அழைத்து நிறுத்துவது நூறு பாடங்களுக்குச் சமம். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

இது பிள்ளைகளின் உரிமையும்கூட. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 2ஆம் உறுப்புரை, பெற்றோரின் நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 9ஆம் உறுப்புரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. தடுத்துவைத்தல் போன்ற அரச நடவடிக்கையால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைக்கு, அவர்கள் எங்கே என்ற தகவலைக் கேட்கும்போது கொடுக்க வேண்டியது அரசின் கடமை. அந்தத் தகவல் கிடைக்காமலே, அன்று பிள்ளைகளாக இருந்த பலர் இன்று தாய் தகப்பனாகிவிட்டார்கள்.

ஆசிரியர்கள் இந்தத் தவணையிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. "எனது குடும்பம்" பாடத்தைத் தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்பு, பிள்ளையைக் கூட்டிவரும் பெரியவரிடம் தனியாக இரண்டு கேள்விகள் கேட்கலாம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? இல்லாதவரைப் பற்றிப் பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள்? அந்தப் பதில்கள் தெரிந்திருந்தால், பிள்ளை தன் படத்தைக் காட்டும்போது ஆசிரியருக்குத் தடுமாற்றம் இருக்காது.