திறவாத கதவும் திறவுகோலும்

மாணவர்களே! உங்கள் பள்ளித் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலர் முடிவடைந்துவிட்டது எனக் கொள்வோம். அதனை மன்றத்தின் இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும். தளமோ தொலைவிலுள்ள மேகக் கணினி ஒன்றில் உள்ளது. இன்று மாலைக்குள் ஏற்றினால்தான் நாளைய விழாவில் மலரை வெளியிட இயலும். கோப்பு அனுப்பும் மென்பொருளைத் திறந்து, முகவரியை இட்டு, பொத்தானை அழுத்துகிறீர்கள். 'பெர்மிஷன் டினைடு', அதாவது 'இசைவு மறுக்கப்பட்டது' என்று திரை அறிவிக்கிறது. மீண்டும் அழுத்தினாலும் அதே விடைதான்.

இந்நிலையில் பலரும் பொத்தானைப் பத்துமுறை அழுத்துவர். அதனால் பயனில்லை, தீங்கும் நேரலாம். பன்முறை தவறிய முகவரியைச் சிறிது நேரம் தடுத்து வைக்கும் காவல் மென்பொருள்கள் பல கணினிகளில் இயங்குகின்றன.

மேகக் கணினி என்பது வானில் மிதப்பதன்று. மும்பையிலோ ஐதராபாத்திலோ குளிரூட்டிய ஒரு கட்டடத்தில் இயங்கும் கணினியின் ஒரு பகுதியை நாம் வாடகைக்குப் பெறுகிறோம். அதனருகில் சென்று திரையைப் பார்க்க நம்மால் இயலாது. ஆகவே நுழைவாயில் அடைபட்டால், அது தரும் விடையைக் கொண்டே காரணத்தை அறிய வேண்டும்.

கணினிகளிடையே கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. என்னும் நெறிமுறையை 1971ஆம் ஆண்டில் முதன்முதலாக எழுதியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண் என்னும் இந்தியர். அக்காலத்தில் வலைப்பின்னலில் இணைந்திருந்த கணினிகள் மிகச் சிலவே. எனவே கடவுச்சொல் மறைக்கப்படாமல் வெளிப்படையாகவே சென்றது. 1995இல் பின்லாந்தின் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில், வழியிடையே கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அங்கிருந்த டாட்டு யுலோனென் என்பவர் அதற்கு மாற்றாக எஸ்.எஸ்.எச். என்னும் காப்புடைய இணைப்பு முறையை உருவாக்கினார். எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று வாயில் எண்கள் முன்னரே வழங்கப்பட்டிருந்தன. இவ்விரண்டிற்கும் மாற்றாக எழுந்த முறைக்கு இடையிலிருந்த 22 கிடைத்தது பொருத்தமே. இன்று நாம் கையாளும் எஸ்.எஃப்.டி.பி. அந்த 22ஆம் வாயில் வழியாகவே செல்கிறது.

இனி, அந்த வாயில் தரும் விடைகளைக் காண்போம். நெடுநேரம் காத்தும் மறுமொழியே வாராமல் 'டைம்டு அவுட்' என வந்தால், உங்கள் தட்டல் கதவை எட்டவேயில்லை எனலாம். இதற்குப் பெரும்பாலும் தீயரண் என்னும் காவற்சுவரே காரணம். குறிப்பிட்ட இணைய முகவரியிலிருந்து வருவோரை மட்டும் விடுமாறு அதனை அமைத்திருப்பர். வீட்டு இணைப்பின் முகவரி அவ்வப்போது மாறக்கூடியது. ஆதலால் நேற்று நுழைந்தவருக்கு இன்று வழியில்லாமற் போகும். மேகக் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினால், நிலையான முகவரி பெறாதவிடத்து அதன் முகவரியே மாறிவிடுவதும் உண்டு. உடனடியாக 'ரெஃப்யூஸ்டு' என்று வந்தால், தட்டல் பெரும்பாலும் கணினியை எட்டிவிட்டது. ஆயின் 22ஆம் வாயிலில் விடைகூறும் மென்பொருள் இயங்கவில்லை, அல்லது வேறோர் எண்ணில் இயங்குகிறது.

நமக்குக் கிடைத்ததோ 'இசைவு மறுப்பு'. இது ஒருவகையில் நற்செய்தியே. முகவரி சரி, தீயரண் வழிவிட்டது, மென்பொருளும் விழித்திருக்கிறது. நீங்கள் யார் என்பதை மட்டுமே அது ஏற்கவில்லை.

முதலில் பயனர் பெயரைப் பாருங்கள். உபுண்டு இயங்குதளம் கொண்ட மேகக் கணினிகளில் அது பொதுவாக 'உபுண்டு' என்பதே. அமேசான் லினக்சில் 'இசி2-யூசர்'. உங்கள் சொந்தப் பெயரையோ மின்னஞ்சலையோ இட்டால், திறவுகோல் சரியாக இருந்தாலும் கதவு திறவாது.

அடுத்தது திறவுகோல். (இதனை நாம் பேச்சில் 'சாவி' என்கிறோம். அது போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். உங்கள் அண்டை வீட்டார் இந்தியில் கூறும் 'சாபி'யும் அதன் உடன்பிறப்பே.) மேகக் கணினிகள் பெரும்பாலும் கடவுச்சொல்லை ஏற்பதில்லை, இணைத் திறவுகோலையே கேட்கும். ஒன்று பொதுத் திறவுகோல். அது தொலைக்கணினியில் 'ஆத்தரைஸ்டு கீஸ்' என்னும் கோப்பில் இருக்கும். மற்றது தனித் திறவுகோல். அது உங்கள் கணினியை விட்டு வெளியேறாது. நுழையும்போது உங்கள் கணினி தனித் திறவுகோலால் ஒரு கையொப்பம் இடும். தொலைக்கணினி பொதுத் திறவுகோலால் அதனைச் சரிபார்க்கும். பொதுத் திறவுகோல் ஒரே வரியாக இருத்தல் வேண்டும். ஒட்டும்போது அது இரண்டு வரிகளாக உடைந்தால் பயன்படாது.

மூன்றாவது காரணமே பலரை மயக்குவது. லினக்சில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று இலக்க உரிமை எண் உண்டு. முதல் இலக்கம் உரிமையாளருக்கும், அடுத்தது அவர்தம் குழுவினர்க்கும், இறுதியது ஏனையோர்க்கும் உரியது. படித்தல் 4, எழுதுதல் 2, இயக்குதல் 1 எனக் கூட்டிக் கொள்ள வேண்டும். ஆகவே 600 என்றால் உரிமையாளர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம். தனித் திறவுகோலுக்கு இதுவே ஏற்றது. பிறரும் படிக்கத்தக்கதாக அது இருந்தால், உங்கள் மென்பொருளே அதனைப் பயன்படுத்த மறுக்கும். தொலைக்கணினியிலும் 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்புக்கு 600, அது இருக்கும் கோப்புறைக்கு 700 என்பது வழக்கம்.

சிக்கல் தீரவில்லையெனில் எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துவிடுமாறு அறிவுரை கூறுவோர் உளர். அது தவறான மருந்து. பயனரின் இல்லக் கோப்புறையில் எவரும் எழுதலாம் என்றால், எவரும் தம் திறவுகோலை அங்கே வைத்துவிடலாம் அல்லவா? அதனை அறிந்த மென்பொருள் அங்குள்ள திறவுகோலை நம்பாது ஒதுக்கிவிடும். கதவை அகலத் திறக்க எண்ணியவர் அதனைத் தாமே பூட்டிக்கொள்கிறார்!

இவற்றுள் எது காரணம் என்பதைத் தொலைக்கணினி உங்களிடம் கூறாது. 'அப்பெயரில் எவருமில்லை' என்று கூறினால் கள்வனுக்கும் அது குறிப்பாகிவிடும். உண்மைக் காரணத்தைத் தன் பதிவேட்டில் மட்டும் எழுதிவைக்கும். உபுண்டுவில் அது 'ஆத்.லாக்' என்னும் கோப்பு. பொறுப்பாசிரியர் மேகச் சேவையின் மேலாண்மைப் பக்கம் வழியாக நுழைந்து, அதன் இறுதிச் சில வரிகளைப் படித்தால் ஐயம் பெரும்பாலும் தீரும்.

சில வேளைகளில் நுழைவு ஏற்கப்பட்டு, மறுநொடியே இணைப்பு அறுந்துபோகும். பயனரை ஒரு கோப்புறைக்குள் அடைத்துவைக்கும் அமைப்பில் இது நேரும். அக்கோப்புறை 'ரூட்' என்னும் தலைமைப் பயனருக்கு உரியதாகவும், பிறர் எழுத இயலாததாகவும் இருத்தல் வேண்டும். மலரை ஏற்ற அதனுள்ளே மற்றொரு கோப்புறை அமைப்பர்.

அமைப்புகளைத் திருத்தும்போது, ஏற்கெனவே நுழைந்துள்ள சாளரத்தை மூடிவிடாதீர்கள். திருத்தம் தவறினாலும் அந்த இணைப்பு பொதுவாக நிலைத்திருக்கும்; அதன் வழியே பழையபடி மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது சாளரத்தில் புதிதாக நுழைந்து, கோப்புப் பட்டியல் தோன்றுவதைக் கண்ட பின்னரே முதற்சாளரத்தை மூடுங்கள். ஆண்டு மலரையும் அப்போதே ஏற்றிவிடலாம்.